கட்டைவிரலுக்கு எட்டும் வலைத்தளம்

நான் ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்து கொடுத்த வலைத்தளம் திறந்த முதல் வாரம், கடையின் தொலைபேசி ஓயவே இல்லை. முதலாளிக்கு மகிழ்ச்சி. போனை எடுக்கும் பெண்ணுக்குத்தான் சலிப்பு. அழைத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சேலை படம் தெரியுது, விலை எங்கேங்க போட்டிருக்கீங்க?" விலை இருந்தது. படத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் மெல்ல மேலெழும்பி வரும்படி வைத்திருந்தேன். முதலாளி அறையின் பெரிய திரையில் அதைக் காட்டித்தான் ஒப்புதல் வாங்கினேன். கைபேசியில் மவுஸ் ஏது? விரல் பட்டால் படம் பெரிதாகும், விலை வராது.

அன்றே விலையைப் படத்துக்குக் கீழே, எப்போதும் கண்ணில் படும்படி மாற்றினேன். பத்து நிமிட வேலை. அழைத்துக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாயிற்று. கேட்காமலே அடுத்த கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வழியே இல்லை.

வலைத்தள வடிவமைப்பில் வேலை தேடுபவர்களும், சிறு நிறுவனங்களுக்குத் தளம் செய்து தந்து பிழைப்பவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் வேலையைச் சோதிக்கும் இடம் வாடிக்கையாளரின் விலை குறைந்த போன். நம் ஊரில் மேசைக் கணினியைத் தொடாமலே நேராகக் கைபேசி வழியாக இணையத்துக்கு வந்தவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு வந்தவர்களில் பலருக்கு அந்தச் சின்னத் திரைதான் முழு இணையமும். அவர்களுக்கு நாம் காட்டுவது 'மொபைல் பதிப்பு' அன்று. தளமே அதுதான்.

இந்தத் துறை இங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்து வைத்திருங்கள், நேர்முகத் தேர்வில் உதவும். 2007இல் ஐபோன் வந்தபோது தளங்கள் எல்லாம் கணினிக்காகவே கட்டப்பட்டிருந்தன. அதனால் சஃபாரி பிரவுசர், வேறு தகவல் இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தையும் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டியது. எழுத்து எறும்பளவு. விரல்களால் விரித்து விரித்துப் படித்தோம். பிறகு கைபேசிக்கென்று தனித் தளம், கணினிக்கென்று தனித் தளம் என இரட்டைச் செலவு செய்தார்கள். 2010 மே மாதம் ஈத்தன் மார்காட் எழுதிய ஒரு கட்டுரை அந்த இரட்டைச் செலவைத் தவிர்க்க வழி சொன்னது. விகிதத்தில் நெகிழும் கட்டங்கள், கட்டத்துக்குள் சுருங்கும் படங்கள், திரை அகலத்தைப் பார்த்து விதிகளை மாற்றும் மீடியா குவெரி. இந்த மூன்றையும் சேர்த்து 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்று பெயர் வைத்தார். அதே காலத்தில் லூக் ரோப்ளெவ்ஸ்கி, சின்னத் திரைக்கு முதலில் வடிவமை, பெரிய திரைக்குப் பிறகு விரி என்ற 'மொபைல் ஃபர்ஸ்ட்' கருத்தை முன்வைத்தார். 2011இல் அதே பெயரில் அவர் புத்தகம் வந்தது.

கூகுள் இதைப் பிழைப்புப் பிரச்சினையாகவே ஆக்கிவிட்டது. 2015 ஏப்ரல் 21 முதல், கைபேசித் தேடலில் கைபேசிக்கு ஏற்ற பக்கங்களை மேலே காட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, தளங்களைக் கைபேசி வழியாகவே படித்து அட்டவணைப்படுத்தப் போவதாக அறிவித்தது. அந்த மாற்றம் 2023இல் முடிந்தது. இதன் பொருளைக் கிளையன்டுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: இடம் போதவில்லை என்று கைபேசிப் பக்கத்தில் விட்டுவிட்ட தகவல், கூகுளைப் பொறுத்தவரை உங்கள் தளத்தில் இல்லை.

முதலில் எதைப் பார்ப்பது

யாராவது "எங்க சைட்டு போன்ல சரியா வரலை" என்று கொண்டுவந்தால், நான் முதலில் தேடுவது வியூபோர்ட் வரியை. 'திரையின் அகலத்தையே பக்கத்தின் அகலமாக வைத்துக்கொள்' என்று பிரவுசருக்குச் சொல்லும் அந்த ஒற்றை வரி இல்லாமல் எத்தனை மீடியா குவெரி எழுதினாலும் பயனில்லை. அதே வரியில் ஜூம் செய்வதைத் தடுக்கும் கட்டளை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவருக்கு ஜூம்தான் கண்ணாடி.

அடுத்து அகலம். பல ஆண்ட்ராய்டு போன்களின் திரையில் குறுக்கே 1080 புள்ளிகள் இருக்கும். பிரவுசரோ மூன்று புள்ளிகளை ஒரு பிக்சலாகச் சேர்த்து 360 என்று கணக்கிடும். ஃபிக்மாவில் முதல் சட்டத்தை அந்த 360 அகலத்தில் திறந்து வேலையைத் தொடங்குங்கள். 1440 அகலத்தில் தொடங்கியவர்கள் கடைசியில் எதை வெட்டுவது என்று திணறுவார்கள். 360இல் தொடங்குபவர் எதை வைப்பது என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

அந்த முடிவுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. கடைக்கு வருபவர் எதற்காக வருகிறார்? விலை, முகவரி, திறக்கும் நேரம், போன் எண், வாட்ஸ்அப். நிறுவனர் தாத்தாவின் வரலாறும் வேண்டியதுதான், ஆனால் அது இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், முகவரியைத் தொட்டால் வரைபடம் திறக்க வேண்டும். எண்ணைப் படமாக வைத்திருக்கும் தளங்களை இன்றும் பார்க்கிறேன். அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டுபோய் டயல் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

பட்டன்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013இல் தெருவிலும் பேருந்து நிறுத்தங்களிலும் மனிதர்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்தார். மொத்தம் 1,333 பேர். அவர்களில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதத்தினர் ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கினார்கள். நம் டவுன் பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையில் போன் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆப்பிள் தன் வழிகாட்டியில் தொடும் இடம் 44 அலகு சதுரமாவது இருக்க வேண்டும் என்கிறது, கூகுள் 48 என்கிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மைத் தரம், குறைந்தது 24 பிக்சல் என்று வைத்திருக்கிறது. நான் 48ஐப் பிடித்துக்கொள்கிறேன். 'ஆர்டர் செய்', 'ரத்து செய்' இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். முக்கியமான பட்டன் திரையின் கீழ்ப்பகுதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து: உங்கள் கைவசம் இருக்கும் பலம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர் நிறுவனங்களின் டிசைனர்களால் இதில் நம்மோடு போட்டி போட முடியாது.

ஆங்கிலத் தளத்தை முடித்துவிட்டு, கடைசியில் மொழிபெயர்ப்பை ஊற்றிப் பார்ப்பது பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். அப்போதுதான் எல்லாம் உடையும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கிய பட்டனுக்குள் 'சமர்ப்பிக்கவும்' போய் உட்கார வேண்டும். உட்காராது. பட்டனின் உயரத்தையும் அகலத்தையும் பூட்டி வைத்திருந்தால் வார்த்தை வெளியே வழியும். இதற்கு இரண்டு மருந்து. பட்டனுக்கு உயரம் பூட்டாமல் உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப வளர விடுவது ஒன்று. நல்ல தமிழ் எழுதுவது இன்னொன்று. 'சமர்ப்பிக்கவும்' என்பதற்கு 'அனுப்பு' போதும். 'எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்பதைவிட 'அழைக்க' தெளிவு. சுருக்கமான தமிழ்ச் சொல் ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது, தேடி எடுக்க வேண்டியது வடிவமைப்பாளரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள்.

வரி உயரம் அடுத்த சிக்கல். ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கமான வரி உயரத்தில், நிரம்பினால் மறைக்கும் விதியும் சேர்ந்தால், தமிழின் புள்ளியும் கொம்பும் வெட்டுப்படும். பல் மருத்துவமனையின் தலைப்பில் புள்ளி மறைந்தால் அது 'பல மருத்துவமனை' ஆகிவிடும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது வரி உயரம் கொடுங்கள். பத்தியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே போகவே கூடாது. தமிழுக்கு 17, 18 இன்னும் நல்லது, ஏனென்றால் ண, ன, ணை போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் மைப்பொட்டாகிவிடும். சின்ன எழுத்தைத் தடித்ததாக்கினாலும் அதே கதி. எழுத்துகளுக்கிடையே இடைவெளி சேர்க்கும் சிஎஸ்எஸ் விதி ஆங்கிலத் தலைப்புக்கு அழகு. தமிழில் அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடலாம். தொடாதீர்கள்.

எழுத்துருவை வலையிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. அந்த 'எம்என்', அதை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயர். தனி முகம் வேண்டுமென்று கிளையன்ட் கேட்டால் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு தடிமனுக்குமேல் இறக்காதீர்கள். எழுத்துரு வந்து சேரும்வரை போனில் இருக்கும் எழுத்திலேயே பக்கம் தெரியும்படி செய்யுங்கள். டவர் கிடைக்காத இடத்தில் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. கிளையன்ட் உங்களுக்குத் தரும் 'கன்டென்ட்' பெரும்பாலும் பிளெக்ஸ் அடித்த கடையிலிருந்து வரும் ஒரு படக்கோப்பு. ஆடித் தள்ளுபடி விவரம் முழுவதும் அதற்குள் இருக்கும். பத்தடிப் பேனருக்குச் செய்ததை 360 பிக்சலுக்குச் சுருக்கினால் ஓர் எழுத்தும் தெரியாது. பார்வையற்றவரின் போனில் திரையைக் குரலாகப் படித்துக் காட்டும் டாக்பேக் அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது, தேடலிலும் அந்த வரிகள் சிக்கும் என்று நம்ப முடியாது. அதை அப்படியே ஏற்றாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்து, உண்மையான எழுத்தாகப் போடுங்கள். அந்தக் கடையிலிருந்து வரும் எழுத்து பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒற்றுப்பிழை பார்த்துப் போடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்டிஎம்எல்லின் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். குரல்வழிப் படிக்கும் கருவி தமிழ்க் குரலுக்கு மாற அதுதான் துப்பு.

படிவங்கள்

படிவத்தில்தான் வாடிக்கையாளர் பாதியில் விட்டுப் போவார். போன் எண் கேட்கும் இடத்தில் எண்பலகை திறக்க வேண்டும், முழு விசைப்பலகை அன்று. ஐபோனில் உள்ளீட்டுக் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகி ஒரு பக்கம் ஒதுங்கும். அதற்கு 16 வைத்தால் போதும். பெயருக்கு 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரம் போடாதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஒரே கட்டம் வையுங்கள்.

ஓடிபி வரும் நேரம்தான் ஆபத்தான நேரம். எண்ணைப் பார்க்க அவர் மெசேஜுக்குப் போவார். நினைவகம் குறைந்த போன், அதற்குள் உங்கள் பக்கத்தை மூடிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோடு ஆகும், நிரப்பிய படிவம் காலி. கரண்ட் பில், கல்லூரி விண்ணப்பம் எதுவானாலும், அந்த இடத்தில்தான் மனிதர்கள் போனை வைத்துவிட்டுப் பிரவுசிங் சென்டருக்குப் பணம் கொடுத்து நிரப்பப் போகிறார்கள். டைப் செய்வதை அவ்வப்போது பிரவுசரிலேயே சேமித்து வையுங்கள், திரும்பியதும் எடுத்து நிரப்பிக் கொடுங்கள். கட்டத்துக்கு ஓடிபி என்று அடையாளம் கொடுத்தால் பல போன்கள் எண்ணை விசைப்பலகை மேலேயே காட்டும், வெளியே போகும் வேலையே குறையும். வங்கிக் கணக்கு எண், ஆதார் போன்றவற்றை மட்டும் இப்படிச் சேமிக்காதீர்கள். அந்தப் போனை வீட்டில் நாலு பேர் பயன்படுத்துவார்கள்.

எடை

கடைக்காரர் தன் போனில் எடுத்து அனுப்பும் ஒரு படம் நாலைந்து எம்பி இருக்கும். அகலம் 4000 புள்ளி. 360 பிக்சல் இடத்தில் வைக்க, மூன்று மடங்கு அடர்த்தித் திரைக்கும் 1080 புள்ளி போதும். அகலத்தைக் குறைத்து வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் அதே படம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும், 'வேண்டாம்' என்று தொடப் போனவர் விரல் 'வாங்கு'மேல் படும்.

கூகுள் வைத்திருக்கும் மூன்று அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும். குதிப்பின் மதிப்பெண் 0.1க்குள் இருக்க வேண்டும். பக்கத்துக்கு வரும் நூறு வருகைகளில் எழுபத்தைந்துக்காவது இவை பொருந்த வேண்டும். இரண்டாவது அளவு 2024 மார்ச்சில்தான் வந்தது, பழையது நீக்கப்பட்டது. பழைய பாடத்தைப் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

இந்த மூன்றையும் கெடுப்பவை எவை என்று பார்த்தால், நகரும் பேனர், தானாக ஓடும் வீடியோ, எதற்கென்றே தெரியாமல் ஏற்றி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள். உங்கள் லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட், மூன்று வருடப் பழைய போனின் செயலியில் மூச்சு வாங்கும். பக்கம் திறந்ததும் முழுத்திரையை மறைக்கும் சலுகை அறிவிப்பைக் கிளையன்ட் கேட்டால் மறுத்துச் சொல்லுங்கள். 2017 ஜனவரியிலிருந்தே அத்தகைய பக்கங்களைக் கூகுள் கைபேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளலாம் என்பதும் உங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி.

சோதனை செய்யக் குரோமில் இருக்கும் கைபேசித் தோற்றம் தொடக்கத்துக்கு உதவும். அது அகலத்தைத்தான் நடிக்கிறது, போனின் உண்மையான வேகத்தை அன்று. செகண்ட்ஹேண்ட் ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் போனில் ஓடும் பக்கத்தை அப்படியே ஆராயலாம். வைஃபையை அணைத்து டேட்டாவில் திறங்கள். வெயிலில் போய் நின்று பாருங்கள், வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து காணாமல் போகும். 4.5க்கு 1 என்ற மாறுபாட்டு விதி எதற்கென்று அப்போது புரியும். போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். இன்ஸ்டாகிராமில் இணைப்பைத் தொட்டு உள்ளேயே திறக்கும் பிரவுசரில் ஒருமுறை பாருங்கள், அங்கே யூபிஐ செயலி திறக்காமல் நின்றுவிடுவதுண்டு. பிறகு அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ போனைக் கொடுத்து, "இந்தக் கடையில் ஒரு சேலை வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். விரல் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும்போது

பிடிஎஃப் கோப்பில் அழகான திரைப்பிடிப்புகளை அடுக்கி அனுப்பாதீர்கள். நேரடி இணைப்பு ஒன்றை அனுப்புங்கள். உங்களைத் தேர்வு செய்பவரும் அதைப் போனில்தான் முதலில் திறப்பார். உங்கள் சொந்தத் தளம் அங்கே சுற்றிக்கொண்டே இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பத்துத் தளங்கள் வேண்டாம். ஒன்று போதும், ஆனால் அதைப் பற்றி எண்களோடு பேசத் தெரிய வேண்டும்: மாற்றுவதற்கு முன் பக்கம் எத்தனை எம்பி, பின் எத்தனை, படிவத்தில் எத்தனை கட்டங்களை எடுத்தீர்கள், ஏன். காட்ட வேலை எதுவும் இல்லையென்றால் உங்கள் தெருவில் இருக்கும் மெஸ்ஸுக்கோ டியூஷன் சென்டருக்கோ ஒரே பக்கத் தளம் ஒன்றைச் செய்து கொடுங்கள். பூட்ஸ்டிராப் போன்ற சட்டகங்களைக் கற்பதற்கு முன் சிஎஸ்எஸ்ஸின் ஃபிளெக்ஸ்பாக்ஸையும் கிரிட்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். எம்டிஎன், வெப்.டெவ் ஆகிய இரு தளங்களில் பாடம் இலவசம்.

தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு: விலைப்புள்ளியிலேயே எந்தெந்தத் திரை அகலங்களில், எந்தப் போன்களில் சோதித்துத் தருவீர்கள் என்று எழுதுங்கள். படங்களைச் சுருக்குவதும் தமிழைத் தட்டச்சு செய்வதும் தனி வேலை, தனிக் கூலி. முதல் வரைவை லேப்டாப்பில் காட்டவே காட்டாதீர்கள். "அண்ணாச்சி, உங்க போனைக் கொடுங்க" என்று வாங்கி, அவர் கையிலேயே திறந்து காட்டுங்கள். லோகோவைப் பெரிதாக்கச் சொல்பவர்கூட, தன் கட்டைவிரலால் மூன்று முறை தள்ளிய பிறகுதான் விலை வருகிறது என்று கண்டால் தானே குறைக்கச் சொல்வார்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் கடைசியாக முடித்துக் கொடுத்த தளத்தை, வீட்டில் இருக்கும் ஆகப் பழைய போனில், டேட்டாவில், மதிய நேரத்தில் வாசலில் நின்று திறங்கள். குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கடைக்காரர் உங்களைத் தேடி அழைக்கும்முன், நீங்களே அவரை அழைத்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லுங்கள்.